கேள்வித்தாளை அளந்த கதை

கணக்கு தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்ததில்லை. கணக்கு தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் கிளம்புகிறார்களே, அவர்களால்தான் வந்திருக்கிறது. இதை என்னால் அடித்துச் சொல்ல முடியும். அப்படிக் கிளம்பியவர்களில் நானும் ஒருத்தி.

என் பெயர் இசக்கியம்மாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. லாரிகளின் அடியில் பொருத்துகிற முக்கோணத் தகடுகளைச் செய்யும் கம்பெனி. செய்து வருகிற தகடுகளை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் 'ஓகே' என்றும் இல்லாவிட்டால் 'ரிஜெக்ட்' என்றும் ஒதுக்குவது என் வேலை. குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்று பதவியின் பெயர். (ஊரில் என் அம்மா அதில் பின்பாதியை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் தெருவில் ஒருவர் வாய்க்கால் தகராறு விஷயமாக என்னிடம் மனுவே கொடுத்துவிட்டார்.)

இருபத்திரண்டு வயதில் நாள் முழுக்க 'இது சரி, இது தப்பு' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? எனக்கு ஏறியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் சட்டைக் காலர் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு ஏறியிருந்தது.

கம்பெனிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு மாடி அறையில், என்னைப் போலவே தெற்கிலிருந்து வந்த இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் தேவகி அக்கா. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். நாற்பதைத் தொட்டிருந்தார். அவர் கணவர் முருகேசன் அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டினார். அக்கா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில், கான்ட்ராக்டில், காய் நறுக்கும் வேலை பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மேலே வந்தார். வந்தவர் என் துணிகளுக்குக் கிளிப் மாட்ட ஆரம்பித்தார். விஷயம் பெரியது என்று புரிந்துவிட்டது.

"இசக்கி, உனுக்குக் கணக்கு வருமா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டிய? எனக்கு வேலையே கணக்குதான!"

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்திருந்தால், காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் மானம் போயிருக்காது.

அக்கா விஷயத்தைச் சொன்னார். கேன்டீனில் ஸ்டோரை, அதாவது சாமான் அறையை, பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வேலையை விட்டுப் போகப்போகிறார். அந்த இடத்துக்கு எட்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். அக்கா ஏழாவதோடு நின்றவர். தனித்தேர்வராக எட்டாவது எழுதலாம் என்று யாரோ சொல்ல, யாருக்கும் தெரியாமல் விண்ணப்பித்துவிட்டார்.

"வெங்காயம் அரிஞ்சி அரிஞ்சி கண்ணுல தண்ணியே வத்திப்பூச்சி இசக்கி. ஸ்டோர்னா ஒரு சேரு கீது, ஒரு ஃபேன் கீது, சாவி நம்ம இடுப்புல கீது. ஒரு வாட்டியாவது அப்டி ஒக்காந்து பாக்கணும்."

"உங்க பொண்ணு நர்சிங் படிக்கிறாளே, அவகிட்ட கேட்டா என்ன?"

"ஐயோ, அவளுக்குத் தெரியவே கூடாது. ஃபெயிலாயிட்டா, சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பாஸாயிட்டு காட்டப்போறேன்."

தமிழையும் சமூக அறிவியலையும் மனப்பாடம் செய்துவிடுவேன் என்றார். கணக்கில் மட்டும் இரண்டு பாடங்கள் தலையில் ஏறவே இல்லை என்று சொன்னார். ஒன்று சர்வசம முக்கோணங்கள். இன்னொன்று நேரியல் சமன்பாடுகள். நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. முக்கோணமா? ஒரு நாளைக்கு எத்தனை முக்கோணங்கள் என் கையில் உயிர் விடுகின்றன!

"பத்தே நாள்ல முடிச்சிரலாம்க்கா" என்றேன். மறுநாளே ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன்.

முதல் வகுப்பில் சர்வசமம். தகட்டை வைத்தே விளக்கலாம் என்று ஆசைதான். ஆனால் எங்கள் கம்பெனி வாசலில் ஒரு போல்ட்டைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. செருப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதனால் அக்காவின் கேன்டீனில் மிஞ்சிய சமோசாக்களை வைத்துப் பாடம் நடத்தினேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தேன்.

"பாத்தியளா? மேல உள்ளது கீழ உள்ளத அப்படியே மறைக்கணும். மூணு பக்கமும் மூணு பக்கத்துக்குச் சமமா இருந்தா சர்வசமம்."

அக்கா குனிந்து கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தார். "இந்த ஓரத்துல லேசா நீட்டிகினு கீதே."

இங்கேதான் என் தொழில்புத்தி தலையை நீட்டியது. "அதெல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்க்கா. எங்க கம்பெனில அரை மில்லிமீட்டர் வரைக்கும் விடுவோம். அதுக்கு மேல போனா ரிஜெக்ட்."

"அர மில்லி. சரி." அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு இருவரும் சமோசாவைச் சாப்பிட்டோம். ஒரு நிரூபணம் அவ்வளவு ருசியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் என்னுடைய ஸ்டீல் ஸ்கேலை அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அளக்கப்படாத பொருள் இல்லை. தோசைத்திருப்பி, மிக்சி மூடி, சாமி படம் எல்லாம் அளக்கப்பட்டன. ஒருநாள் காலையில் முருகேசன் அண்ணன் டூட்டிக்குக் கிளம்பும்போது அவரை நிறுத்தி, மீசையின் இரண்டு பக்கங்களையும் அளந்து, இடது பக்கத்தை ரிஜெக்ட் செய்துவிட்டார்.

"தங்கச்சி, நீ என்னாத்த சொல்லிக்குடுத்த இவளுக்கு?" என்று அண்ணன் படிக்கட்டில் என்னை மறித்துக் கேட்டார். மூக்கின் கீழே வலது பக்கம் மட்டும் பழைய நீளத்தில் இருந்தது.

"சர்வசமம் அண்ணே" என்றேன் பெருமையோடு.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அன்றே யாராவது என்னைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தடுக்காததற்குக் காரணம், அக்கா எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டதுதான். அதற்கு ஒரு ரகசியம் இருந்தது. அது எனக்கே தெரியாது.

பாடப்புத்தகத்தில் இருந்த படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கும், பார்த்தால் நாலுகூடத் தேறாது. "இதெல்லாம் சரியில்லக்கா, நானே போட்டுத் தாரேன்" என்று புத்தகத்தை மூடிவைத்தேன். பயிற்சிக்கு வேண்டிய முக்கோணங்களை எல்லாம் நானே, காம்பஸும் பாகைமானியும் வைத்து, தொழில் சுத்தமாக வரைந்து கொடுத்தேன். என் படத்தில் ஐந்து என்றால் ஐந்துதான். கோணம் அறுபது என்றால் அறுபதுதான். அக்கா ஸ்கேலை வைப்பார், அளப்பார், ப-ப-ப என்பார், ப-கோ-ப என்பார். (மூன்று பக்கங்களும் சமம் என்றால் ப-ப-ப, இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு நடுவில் இருக்கும் கோணமும் சமம் என்றால் ப-கோ-ப.) எதைக் கொடுத்தாலும் விடை சரியாக வந்தது. நானும் சிவப்புப் பேனாவால் பெரிய பெரிய 'சரி' போட்டேன். அக்கா யோசித்துச் சொல்கிறாரா, அளந்து சொல்கிறாரா என்று ஒருநாள்கூட நான் பார்க்கவில்லை.

"எழுதியிருக்கத நம்பாதிய. பீஸ்தான் பேசணும்" என்று வேறு ஒரு தத்துவத்தை உதிர்த்தேன். எங்கள் சூப்பர்வைசர் என்னிடம் தினமும் சொல்லுவது; பீஸ் என்றால் செய்து வருகிற தகடு. தகட்டுக்கு அது பொருந்தும்.

நேரியல் சமன்பாட்டில் நான் இன்னும் பிரகாசித்தேன். சமக்குறிதான் கம்பெனி கேட். கேட்டைத் தாண்டினால் ஆள் மாறிவிட வேண்டும். இந்தப் பக்கம் கூட்டல் என்றால் அந்தப் பக்கம் கழித்தல். இந்தப் பக்கம் பெருக்கல் என்றால் அந்தப் பக்கம் வகுத்தல்.

"ரெண்டு பக்கமும் எக்ஸ் இருந்தா?" என்று கேட்டார் அக்கா.

நான் பதில் தேடுவதற்குள் அவரே சொல்லிவிட்டார். "புருஷன் ஒரு ஷிஃப்ட்டு, பொண்டாட்டி ஒரு ஷிஃப்ட்டுன்னா குடும்பம் நடக்குமா? ரெண்டு பேரையும் ஒரே பக்கம் கொண்டாந்துடணும். கரெக்ட்டா?"

"கரெக்ட்டுக்கா!"

5x - 3 = 2x + 9 என்று கொடுத்தேன். எக்ஸ் குடும்பத்தை இடப்பக்கம் சேர்த்து, எண்களை வலப்பக்கம் அனுப்பி, x = 4 என்று கொண்டுவந்தார். விடையைத் திரும்பக் கணக்குக்குள் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் பதினேழு வந்தது. "இதுக்குப் பேரு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன். அக்கா கைதட்டினார். அன்று இரவு படுத்துக்கொண்டு, 'இசக்கி கணித மையம்' என்ற போர்டை எந்தத் தெருவில் மாட்டலாம் என்று யோசித்தேன்.

கணக்குப் பரீட்சை நாள் வந்தது. அண்ணனுக்கு டூட்டி. நான் லீவு போட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். வழி முழுக்க அக்கா வாய்க்குள்ளேயே சமன்பாடு போட்டு, கேட்டைத் தாண்டிக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கூட வாசலில் மற்ற தனித்தேர்வர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள். டீக்கடைக்காரர் ஒருவர், தையல் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், ராத்திரி டூட்டி முடித்துவிட்டு நேராக வந்திருந்த ஏழுமலை என்ற செக்யூரிட்டி. அவர் சட்டைக்குள்ளே யூனிஃபார்ம் தெரிந்தது. எல்லார் முகத்திலும் ஊசி போட வரிசையில் நிற்கிற களை. நான் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ரோட்டைத் தாண்டிப் போனேன்.

டீயை ஊதிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், மரத்தடியில் அக்காவைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அக்கா என்னுடைய ஸ்டீல் ஸ்கேலை உயர்த்திப் பிடித்து எதையோ விளக்குகிறார். ஏழுமலை கையை உயர்த்திச் சந்தேகம் கேட்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மாணவி வகுப்பெடுக்கிறார்! டீக்கடையில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், "நான் சொல்லிக்கொடுத்ததுதான்" என்று சொல்லியும் விட்டேன்.

பரீட்சை முடிந்து மணி அடித்தது. அக்கா துள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"எப்படிக்கா எழுதுனிய?"

"சூப்பரு! சமன்பாடு மொத்தமும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிட்டேன். முக்கோணம் மூணு கேட்டிருந்தான். மூணையும் ரிஜெக்ட் பண்ணிட்டேன்."

"எதப் பண்ணுனிய?"

"ரிஜெக்ட்டு! ரெண்டு முக்கோணமும் சர்வசமம்னு நிறுவுகன்னு கேட்டுகிறான். ஸ்கேல வச்சிப் பாக்கறேன், ஒண்ணு நாலரை, ஒண்ணு நாலு. அர மில்லி இல்ல இசக்கி, முழுசா அஞ்சு மில்லி அடிக்குது! இத எப்டி நிறுவறது? நிறுவ முடியாது, படம் சரியில்ல, திருத்தி அனுப்பவும்னு எழுதிட்டேன். கீழ கையெழுத்தும் போட்டுட்டேன்."

"அக்கா, படத்துப் பக்கத்துல அஞ்சு, அஞ்சுன்னு எழுதியிருந்திச்சா?"

"எழுதிகினு தான் இருந்தான். எழுதிட்டா ஆச்சா? பீஸு தான பேசணும், நீ தான சொன்ன?"

அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் கொட்டை எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும். 'இந்தப் படத்தை அளக்காதே. எழுதியிருக்கும் அளவை எடுத்துக்கொள்' என்பது அதன் அர்த்தம். தகட்டைத்தான் அளக்க வேண்டும், தாளில் இருக்கும் படத்தை அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். தினமும் அந்த வரியின்மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்டவள் நான்.

அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஏழுமலை எனக்கு வணக்கம் வைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸும்மா. அக்கா சொன்னா மாதிரியே அளந்தேன். நான் ஒண்ண ஓகே பண்ணி, ரெண்ட ரிஜெக்ட்ல போட்டுக்கிறேன்."

"எனக்கு மூணுமே ரிஜெக்ட்டுதான்" என்றார் டீக்கடைக்காரர். தையல்காரப் பெண்களில் ஒருத்தி ஒரு முக்கோணத்தைப் பிரித்துத் தைக்கலாம் என்று எழுதியிருந்தாள். (அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவள் சொந்தச் சரக்கு.)

ஒருவரை ஃபெயிலாக்கினால் பிழை. ஒரு வகுப்பறையையே ஃபெயிலாக்கினால் அதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நைசாக நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஹாலில் மேற்பார்வை பார்த்த ஆசிரியர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏம்மா, எல்லாரும் சொல்லிவச்ச மாதிரி ஸ்கேல எடுத்து கேள்வித்தாள அளந்துகிட்டே இருந்தீங்களே, எதுக்கு? இருபது வருஷமா ஹால் பாக்கறேன், இப்படி ஒண்ண பாத்ததில்ல. யாரு சொல்லிக்குடுத்தது?"

அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இவங்க தான் சார் எங்க டீச்சரு!"

சுற்றி நின்ற எல்லாரும் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். பூமி பிளக்கவில்லை. காஞ்சிபுரத்தில் தரை கெட்டி.

"என்ன படிச்சிருக்கீங்க?" என்றார் ஆசிரியர்.

"டிப்ளமோ மெக்கானிக்கல் சார்."

"எங்க வேலை?"

"ஒரகடத்துல சார். லாரி பார்ட் செய்யிற கம்பெனி. குவாலிட்டி."

அவர் ஹெல்மெட்டை மாட்டினார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"உங்க பார்ட் எந்தெந்த லாரியில போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. ரோட்ல பாத்தா ஒதுங்கிக்கிறேன்."

திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். படம் சும்மா அடையாளத்துக்குத்தான், அதில் எழுதியிருக்கும் அளவுகளை வைத்து யோசித்துத்தான் நிறுவ வேண்டும், நான்தான் சொல்லித்தர மறந்துவிட்டேன் என்று சொன்னேன். முதலில் அக்கா நம்பவில்லை. அப்படியென்றால் படத்தை எதற்கு ஒழுங்கில்லாமல் போடுகிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். வாலாஜாபாத் தாண்டியதும் சத்தம் குறைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப அந்த ஸ்டோர் வேல எனக்குக் கெடைக்காதா இசக்கி?"

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஃபேனும் கிடைக்க இருந்தன. அவற்றை நான் என் பெருமைக்குத் தின்றுவிட்டேன்.

முடிவுகள் வந்தன. மற்ற பாடங்களில் எல்லாம் அக்கா பாஸ். கணக்கில் முப்பத்தொன்று. தேவை முப்பத்தைந்து. முக்கோணத்தில் ஒன்றே ஒன்றை ஒழுங்காக நிறுவியிருந்தால் போதும். சமன்பாடுகள்தான் அந்த முப்பத்தொன்றையும் தூக்கி நிறுத்தியிருந்தன.

இதற்குமேல் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது? மறைமலை நகரில் ஒரு ஹாஸ்டலில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். தேவகி அக்கா வாசலில் வந்து நின்றார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஹாஸ்டலுக்குக்கா. என்னால ஒங்களுக்கு…"

"உங்க கம்பெனில பீஸு கெட்டுப்போனா இன்னா பண்ணுவீங்க?"

"ரீவொர்க் பண்ணுவோம்."

"யாரு பண்ணுவா?"

"கெடுத்தவங்கதான்."

"அப்ப பைய கீழ வையி. அடுத்த பரீச்சைக்குப் பணம் கட்டிட்டேன். கான்ட்ராக்டர் அது வரைக்கும் தான் பொறுப்பேன்றான். இந்த வாட்டி புஸ்தகத்த வச்சி சொல்லிக்குடு. நீ படம் வரஞ்ச, கைய ஒடச்சிடுவேன்."

பையைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். அக்கா, "மூக்க சிந்திட்டு வா, இட்லி ஆறுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டாவது சுற்றில் நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். ஒரு கோடுகூட வரையவில்லை. பாடப்புத்தகத்தையே வைத்துக்கொண்டு, எழுதியிருப்பதைப் படி, எது எதற்குச் சமம் என்று சொல், ஏன் சமம் என்று சொல் என்று ஒவ்வொன்றாக ஏறினோம். எனக்கே பல இடங்களில் தடுக்கியது. 'பொதுப் பக்கம்' என்ற விஷயத்தை (இரண்டு முக்கோணங்களும் ஒரே கோட்டைப் பங்குபோட்டுக்கொள்வது) எனக்கு விளக்கத் தெரியாமல் விழித்தபோது, "ரெண்டு வூட்டுக்கும் ஒரே காம்பவுண்டு செவுரு, அதான?" என்று அக்கா முடித்துவைத்தார். ஸ்கேலைப் பரணில் போட்டாயிற்று. "படத்தை அளக்காதே" என்று முருகேசன் அண்ணன் சாக்பீஸால் சமையலறைச் சுவரில் எழுதிவைத்தார். மீசை பத்திரமாக இருந்தால் போதும் என்பது அவர் கவலை.

மறுபடியும் அதே பள்ளிக்கூடம், அதே மரத்தடி, அதே ஆட்கள். ஏழுமலை, டீக்கடைக்காரர், தையல்காரப் பெண்கள், எல்லாருமே கணக்கில் மட்டும் தவறியவர்கள். (என் கைராசி.) அவர்களைப் பார்த்ததும் அக்காவின் பின்னால் ஒளியப் பார்த்தேன். ஆனால் யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. அக்கா வாரம் தவறாமல் போன் போட்டு எல்லாருக்கும் திருத்திய பாடத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஏழுமலை சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தார். "டீச்சரம்மா, இந்த வாட்டி தப்பே நடக்காது. ஸ்கேலத் தொடவே கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க. வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

"நானும்" என்றார் டீக்கடைக்காரர்.

"நாங்களும்" என்றார்கள் தையல்காரப் பெண்கள்.

அக்காவைப் பார்த்தேன். "உங்க ஸ்கேல் எங்கக்கா?"

"பரண்ல கீது. நீ தான போடச் சொன்ன?"

பரீட்சையில் ஒரு நாற்கரம் வரையச் சொல்லி நிச்சயம் கேட்பார்கள். நல்ல மார்க் உள்ள கேள்வி. ஸ்கேல் இல்லாமல் நாற்கரத்தை எதால் வரைவது, தாலிச் சரடாலா?

ஓடினேன். அன்றைக்குப் பார்த்து சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன், டீச்சர் களை இருக்கட்டும் என்று. முதல் ஸ்டேஷனரி கடை பூட்டியிருந்தது. அடுத்த கடைக்காரர் காலண்டர் சாமிக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, ஸ்கேல் இருக்கிற அத்தனையும் குடுங்க" என்றேன். அவர் நிதானமாக, "கலர் எது வேணும்?" என்றார். நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த பூவை என்னிடமே நீட்டிவிட்டார்.

ஒரு கட்டு ஸ்கேலைக் கையில் இடுக்கிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்கப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்ந்தேன். முதல் மணி அடித்துவிட்டது. எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். கேட்டைச் சாத்துவதற்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அதே ஆசிரியர்.

அவர் என்னைப் பார்த்தார். ஸ்கேல் கட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"மறுபடியுமா?"

"சார், சத்தியமா இது அளக்க இல்ல சார், வரைய! எல்லாரும் என்னாலதான் ஸ்கேல வீட்லயே விட்டுட்டு வந்துட்டாவ. இந்த ஒருவாட்டி உள்ள குடுத்திருங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

அதைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கம் மானம் எல்லாம் போன பரீட்சையிலேயே போய்விட்டதால், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதேன். அவர் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிக் கட்டை வாங்கிக்கொண்டார். நாலடி போய்விட்டுத் திரும்பினார்.

"வாசல்ல உக்காருங்கம்மா. இனிமே யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுக்காம அமைதியா உக்காருங்க."

உட்கார்ந்தேன். பரீட்சை முடியும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

தேவகி அக்கா அறுபத்திரண்டு வாங்கினார். ஏழுமலை உட்பட எல்லாரும் பாஸ். முடிவு வந்த அன்று அக்கா மகளுக்குப் போன் போட்டு, "உங்கம்மா எட்டாவது பாஸ்டி!" என்று சொன்ன சத்தம் மாடிவரை கேட்டது. மகள் சிரிக்கவில்லை, அந்தப் பக்கம் அழுதாள். அடுத்த மாதம் ஸ்டோர் சாவி அக்காவின் இடுப்புக்கு வந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்காரவைத்தார். ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் ரொம்பக் குளுமையாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்ப்பவர். அவர்கள் குடும்பம் திருவள்ளூர் பக்கம். தேவகி அக்கா ஒரு வேன் பிடித்து, பழைய பரீட்சைக் கூட்டத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம். கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டில் உறவுக்காரர்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். முதல் பொட்டலத்தில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். இரண்டாவதிலும் ஜியாமெட்ரி பாக்ஸ். மூன்றாவது, நான்காவது, எல்லாமே அதுதான். யாரும் யாரிடமும் சொல்லாமல் வாங்கியது என்று ஏழுமலை பிற்பாடு சத்தியம் செய்தார்.

"இது இன்னாம்மா, உங்க ஊரு சீரா?" என்று கேட்டார் என் மாமியார்.

தேவகி அக்கா அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீசையிலிருந்து ஆரம்பித்து, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுததுவரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். மாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. புகுந்த வீட்டில் மருமகளுக்கென்று கொஞ்சம் மதிப்பு இருக்கும் அல்லவா, எனக்கு அது முதல் நாளே தீர்ந்துவிட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் திரைச்சீலைக்கோ, அலமாரிக்கோ அளவெடுக்க வேண்டுமென்றால், ஸ்கேலை எடுத்துவரச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அளப்பதற்கு என் மாமியாரே எழுந்து வருகிறார்.